முகம் போக மிச்சம்

இந்த நாட்டில் மதுவுக்கு விளம்பரம் செய்ய முடியாது. போத்தலைக் காட்ட முடியாது, பெயரைப் போட முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் பெண்ணைக் காட்டக் கூடாது என்று அதில் யாரும் எழுதி வைக்கவில்லை என்று ஒருநாள் கண்டுபிடித்தது, அச்சுவேலியில் இருக்கும் பொன்வடலிப் பனஞ்சாறு பதனிடுவோர் கூட்டுறவுச் சங்கம். கண்டுபிடித்த அன்று நிர்வாக சபைக்கு வடையும் தேத்தண்ணீரும் வழங்கப்பட்டன.

சங்கம் பனங்கள்ளைப் போத்தலில் அடைத்து ‘அல்லி’ என்ற பெயரில் விற்கிறது. அதைக் குடிக்கிறவர்களுக்கு வயது போய்க்கொண்டிருந்தது. இளந்தாரிகள் பியர்ப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். இதைச் சரிக்கட்டுவதற்காகக் கொழும்பில் படித்துவிட்டு வந்த கஜீபனைச் சந்தைப்படுத்தல் அலுவலராக எடுத்தார்கள். அவன் வந்த கையோடு ஒரு திரையைத் தொங்கவிட்டு, உலகம் முழுவதும் குடிவகை எப்படி விற்கப்படுகிறது என்று படம் போட்டுக் காட்டினான். படங்களில் குடிவகை குறைவாகவும் பெண்கள் கூடுதலாகவும் இருந்தார்கள். நிர்வாக சபை விஷயம் பிடிபடவில்லை என்று சொல்லி இன்னொரு தரமும் போடச் சொன்னது.

“விளங்குதே ஐயா?” என்று கேட்டான் கஜீபன். “போத்தல் நிக்க வேண்டிய இடத்திலை ஒரு பொம்பிளையை நிப்பாட்டினால் காணும். சனம் தானாய் விளங்கிக்கொள்ளும்.”

தலைவர் தில்லைநாதன் வெற்றிலை கூடப் போடாத மனிதர். “நான் வாழ்க்கையிலை ஒரு சொட்டுக் குடியாதவன்,” என்றார். “ஆனபடியால்தான் குடிக்கிறவன்ரை மனசை விருப்பு வெறுப்பில்லாமல் என்னாலை ஆராயக் கூடியதாய் இருக்கு. தம்பி சொல்லுறது சரி.”

பெண்ணுக்கு எங்கே போவது? கொழும்பிலிருந்து ஆள் பிடித்தால் செலவு. சங்கத்திடமோ மகளிர் தினப் படங்கள் சும்மா கிடந்தன. மகளிர் தினத்தன்று போத்தல் மண்டபத்தில் வேலை செய்யும் பெண்களுக்கெல்லாம் ஒரே மாதிரி மஞ்சட் சேலை கொடுத்து, ‘பெண்ணே, நீ சங்கத்தின் கண்’ என்ற தலைப்பில் தலைவர் ஆற்றிய உரையையும் கேட்க வைத்திருந்தார்கள். அன்று குத்துவிளக்கின் மேல்திரிக்கு எட்டிக் கை நீட்டிய சுபாஜினியைப் படப்பிடிப்பாளர் ஒரு பக்கமாக நின்று எடுத்திருந்தார். சுபாஜினி மூடி இறுக்கும் மெஷினில் வேலை செய்கிறவள், இரண்டு பிள்ளைகளின் தாய், புத்தூரில் வெங்காயம் வைக்கும் சிவதர்ஷனின் மனைவி. இதொன்றையும் படம் சொல்லவில்லை. சேலை கொஞ்சம் விலகியிருந்ததை மட்டும் சொன்னது.

பதாகை அடிக்கும் டிலக்ஷனின் கணினி மீதியைப் பார்த்துக்கொண்டது. விளக்கு போனது. நெற்றித் திருநீறு போனது. தாலி போனது. தலைமயிர் நனைந்தது. இடுப்பு பாதியானது. படத்தைச் சுற்றிப் பூக்கள் முளைத்தன. மேலே ‘மாலையானால் மனம் தேடுதே’ என்ற வரி. கீழே, சட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாமல், ‘பொன்வடலிக் கூட்டுறவுச் சங்கத்தினர்’ என்று மட்டும் போட்டார்கள். ஒரு விடியற்காலையில் அது புத்தூர்ச் சந்தியில் பஸ் தரிப்பிடத்துக்கு மேலே ஏறியது.

கஜீபனின் படிப்பில் ஒரு விஷயம் விடுபட்டுப்போயிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பப் பெண்ணின் பெரிய படம் சந்தியில் தொங்கி, சுற்றிப் பூவும் இருந்து, உருக்கமான ஒரு வரியும் இருந்து, கீழே அவள் வேலை செய்த இடத்தின் பெயரும் இருந்தால், ஊர் அதை ஒரு விதமாகத்தான் வாசிக்கும். கண்ணீர் அஞ்சலி.

முதலில் வந்தவர் அளவெட்டியில் இருக்கும் சிவதர்ஷனின் தகப்பன் வழி மாமி இராசமலர். ஓட்டோ படலையில் நிற்க முதலே ஒப்பாரியைத் தொடங்கியிருந்தார். பின்னால் அயலவர்கள் சீனியும் தேயிலையும் கொண்டு வந்தார்கள். கதிரை வாடகைக்கு விடுகிறவர் கேட்காமலே கதிரைகளை இறக்கி அடுக்கத் தொடங்கினார். தோட்டத்தில் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்த சிவதர்ஷன் சேற்றுக் காலோடு ஓடி வந்தான். ஆட்கள் வரிசையாக அவன் கையைப் பிடித்தார்கள்.

“காலமை நல்லாத்தான் இருந்தவவோ தம்பி?”

“ஓம். இடியப்பம் அவிச்சு வைச்சிட்டுத்தான் வேலைக்குப் போனவ.”

“பாத்தியளே, கடைசி நேரத்திலும் கடமையை விடேல்லை,” என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னார்.

யாரோ தொலைபேசியில் சொல்லி, சுபாஜினி ஸ்கூட்டியில் பறந்து வந்து முற்றத்தில் இறங்கினாள். அவளைக் கண்டபிறகும் இராசமலர் மாமி தொடங்கிய ஒப்பாரி அடியை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “உயிரோடை நிக்கிறவளுக்கு ஏனடி உந்தச் சந்தியிலை படம்?” என்று கோபித்தார். வந்தவர்களுக்கும் கொஞ்சம் மனத்தாங்கல்தான். கொண்டு வந்த சீனியைத் திருப்பிக் கொண்டுபோவதா விட்டுவிட்டுப் போவதா என்று தெரியாமல் நின்றார்கள்.

சுபாஜினி சந்திக்குப் போனாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரோ ஒரு ஈரமான பெண்ணுக்கு மேலே தன் முகம். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு இளந்தாரிகள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். “அல்லியடா,” என்றான் ஒருவன். மற்றவன் படத்தின் இடுப்பையும் அவளுடைய இடுப்பையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடையில் ஏமாற்றப்பட்டவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்போதுதான் அவளுக்கு வெட்கம், கோபம், இரண்டும் ஒன்றாக வந்தன. அந்தச் சந்தியால்தான் அவளுடைய மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அந்தப் படம் இறங்க வேண்டும். அதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

சங்கக் கந்தோரில் செயலாளர் அருட்செல்வன் அவள் சொன்னதை மிகுந்த அனுதாபத்தோடு கேட்டார். பெண்கள் சம்பந்தப்பட்ட முறைப்பாடுகளை விசாரிக்கச் சங்கத்தில் ‘பெண்கள் மாண்புப் பாதுகாப்பு உபகுழு’ என்று ஒன்று இருப்பதாகவும், அதில் ஐந்து கனவான்கள் இருப்பதாகவும் சொன்னார்.

“பொம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?”

“முந்தி இருந்தவை. அவை இருந்தால் பொம்பிளையளைப் பற்றி வெளிப்படையாய்க் கதைக்கேலாமல் கிடக்குதெண்டு எடுத்திட்டம்.”

உபகுழு கூடியது. தலைவர் தில்லைநாதனே அதற்கும் தலைவர். கஜீபன் ஆலோசகன். சுபாஜினி எழுந்து நின்று, “ஐயா, உந்தப் படத்தைக் கழட்டச் சொல்லுங்கோ. என்ரை இடுப்பைச் சந்தியிலை தொங்க விட்டிருக்கிறியள்,” என்றாள்.

அறை அதிர்ந்துபோனது. ஒரு உறுப்பினர் தண்ணீர் குடித்தார். அருட்செல்வனின் பேனை நின்றுவிட்டது.

“பிள்ளை! சொல்லை அளந்து கதை,” என்றார் தலைவர். “இது மாண்புப் பாதுகாப்புக் குழு.”

“அந்தச் சொல்லைக் கூட்டக் குறிப்பிலை எழுதேலாது ஐயா,” என்றார் அருட்செல்வன். நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ‘சம்பந்தப்பட்ட பகுதி’ என்று எழுதப்பட்டது. அந்த ஐந்து பேரும் அதே பகுதியைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துப் பதாகைக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டவர்கள் என்பதை நான் இங்கே ஒரு தகவலாக மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “பிள்ளை, நாங்கள் பெண்ணைத் தெய்வமாய்ப் பாக்கிற சமூகம். தெய்வத்தை எங்கை வைப்பம்? உயரத்திலை. சங்கம் உன்னை எங்கை வைச்சிருக்குது? பஸ் தரிப்பிடத்துக்கு மேலை. கீழையோ வைச்சது?”

“அக்கா, ஆராய்ச்சி ஒண்டு சொல்லுறன்,” என்றான் கஜீபன். “ஆம்பிளை குடிக்கேக்கை போத்தலைப் பாக்கிறேல்லை. ஒரு கனவைப் பாக்கிறான்.”

“அப்ப அந்தக் கனவைப் பிடிச்சுப் பதாகையிலை அடியுங்கோ தம்பி. நான் மூடி இறுக்கிறனான்.”

குழு பிரச்சினையின் வேரை ஆராய்ந்தது. வேர் தாலியில் இருப்பதாகத் தெரியவந்தது. ஒரு திருமணமான பெண்ணின் தாலியைக் கணினி அகற்றியது பண்பாட்டுக்குப் பொருந்தாத செயல் என்று கஜீபன் கண்டிக்கப்பட்டான். அவள் இனிக் குடும்பப் பெண்ணாகவே காட்டப்படுவாள் என்று ஏகமனதாகத் தீர்மானித்துச் சுபாஜினிக்கு நன்றி சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டாவது பதாகையில் அவளுக்கு வடக்கயிறு போல ஒரு தாலி இருந்தது. குங்குமம் இருந்தது. தலை குனிந்திருந்தது. கையில் ஒரு தட்டில் பொரித்த மீன். ‘வேலையால் வாறவருக்கு வீட்டில் ஓர் ஆறுதல்’ என்று வரி. சேலை பழைய மஞ்சட் சேலைதான். சம்பந்தப்பட்ட பகுதியில் குறை ஒன்றும் கண்டுபிடிக்கப்படாதபடியால் அதில் கை வைக்கவில்லை.

இதனால் சிவதர்ஷனுக்கு ஊரில் மதிப்புக் கூடியது. தேத்தண்ணீர்க் கடையில் ஆட்கள் அவனுக்கு இடம் விட்டார்கள். “குடுத்து வைச்சவனடாப்பா. போனவுடனை மீன் பொரியலும் கையுமாய் வந்து நிக்கிறா.”

“எங்கடை வீட்டிலை மீன் பொரிக்கிறது நான்தான்,” என்றான் சிவதர்ஷன். “நான் குடிக்கிறதும் இல்லை.”

எல்லாரும் சிரித்தார்கள். அவனை நல்ல பகிடிக்காரன் என்று சொன்னார்கள். அன்று இரவு அவன் மீனைக் கருக விட்டான். “அவங்களுக்குச் சொன்னால் ஏறுதில்லையப்பா,” என்று அடுப்பைப் பார்த்தபடியே சொன்னான். அவனுக்கும் மனம் நொந்துதான் இருந்தது.

அதற்குள் பதாகையின் சிறிய பிரதிகள் சங்கத்தின் கள்ளுத் தவறணைக்குள்ளும் ஏறிவிட்டதாகச் சுபாஜினி கேள்விப்பட்டாள். தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பின்னேரம் தவறணைக்குப் போனாள். வாசலில் முகாமையாளர் ஜெரிசன் கையை விரித்து மறித்தான்.

“அக்கா, பொம்பிளையள் உள்ளுக்கு வரக் கூடாது. சங்கத்தின்ரை சட்டம். உங்கடை மரியாதைக்காகத்தான்.”

சுபாஜினி அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். நாலு சுவரிலும் அவள் நின்றாள். ஒரு சுவரில் யாரோ அவளுக்கு மீசை கீறியிருந்தார்கள். இன்னொரு சுவரில் கீறியிருந்ததை நான் சொல்லப்போவதில்லை.

“நான் ஏற்கெனவே உள்ளுக்கைதானே நிக்கிறன், தம்பி,” என்றாள். “அவளைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்.”

ஜெரிசன் தலையைச் சொறிந்தான். படத்துக்கு அனுமதி உண்டு, ஆளுக்கு இல்லை என்று பணிவாக விளக்கினான். அவள் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு நேரே கந்தோருக்குப் போய், உபகுழுவை மறுபடி கூட்டாவிட்டால் அந்த இடத்தை விட்டு எழும்பமாட்டேன் என்று வாங்கில் இருந்துவிட்டாள்.

இந்த முறை கஜீபன் ஆயத்தமாக வந்திருந்தான். “அக்கா, உங்கடை முறைப்பாட்டைச் சுருக்கிச் சொன்னால் என்ன? சனம் உங்களை அடையாளம் காணுது. அவ்வளவுதானே?”

“அதுவும்தான்.”

“அப்ப அலுவல் சுகம். முகத்தை எடுத்திடுவம்.”

“முகத்தையோ?”

தலைவர் முன்னால் சாய்ந்தார். இப்படியான நேரங்களில் அவருடைய குரலில் ஒரு தந்தையின் கனிவு வந்துவிடும். “பிள்ளை, முகம் உன்ரை. அதைச் சங்கம் மதிக்குது. அதிலை எங்களுக்கு ஒரு உரித்தும் இல்லை. ஆனால் மிச்சம் சங்கத்தின்ரை செலவிலை, சங்கத்தின்ரை கணினி வேலையாலை உருவானது. சங்கத்தின்ரை சேலை. முகம் போக மிச்சம் சங்கத்தின்ரை.”

உறுப்பினர்கள் மேசையில் தட்டினார்கள். முகத்தைக் காசு வாங்காமலே திருப்பிக் கொடுக்கும் பெருந்தன்மையைப் பாராட்டி ஒருவர் இரண்டு வார்த்தை பேசினார். அருட்செல்வன் தீர்மானத்தை எழுதி முத்திரை குத்திப் பிரதி ஒன்றைச் சுபாஜினியிடம் நீட்டினார்.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு முத்திரை வரைக்கும் வாசித்தாள். பிறகு, “முதல் நாள் தொட்டே உங்களுக்கு முகம் தேவைப்படேல்லை ஐயா. எனக்குத்தான் விளங்கப் பிந்திப்போச்சு,” என்றாள்.

மூன்றாவது பதாகையில் கழுத்துக்கு மேலே ஒரு வெள்ளை முகில் இருந்தது. கீழே பழையபடி எல்லாம் இருந்தன. விற்பனை கூடியது. முகம் இல்லாததால் வாடிக்கையாளர் தமக்கு விருப்பமான முகத்தைப் பொருத்திக்கொள்கிறார் என்று கஜீபன் அறிக்கை எழுதினான். அந்த அறிக்கை உண்மைதான். மஞ்சட் சேலை போத்தல் மண்டபத்துப் பெண்கள் எல்லாரிடமும் இருந்தது. போத்தல்களில் பெயர்ச் சுட்டுத்துண்டு ஒட்டும் நிவேதனா கோயிலுக்கு அதைக் கட்டிக்கொண்டு போனபோது, தேர்முட்டியடியில் நின்றவர்கள் “முகில் விலகிட்டுதடா” என்றார்கள். பெட்டி அடுக்கும் தர்சினியை வீட்டில் மாமியார் கேட்டார்: “அது நீதானோ?” இல்லையென்று நிரூபிக்கத் தர்சினியிடம் ஒரு வழியும் இருக்கவில்லை. அதுவரை சுபாஜினியைப் பார்த்துப் பாவப்பட்டவர்கள், இப்போது தங்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை மண்டபத்துத் தாங்கிகள் நிரம்பியிருந்தன. கள்ளு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அன்றே போத்தலில் அடைத்துச் சூடாக்காவிட்டால் வினாகிரிக்குத்தான் ஆகும். பெண்கள் நேரத்துக்கு வந்தார்கள். தம் தம் இடத்தில் இருந்தார்கள். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒரு மெஷினும் ஓடவில்லை.

தலைவர் ஓடி வந்தார். “என்ன பிள்ளை, மெஷினைப் போடன்!”

“முகத்தைக் கொண்டு வந்திருக்கிறன் ஐயா,” என்றாள் சுபாஜினி. “அது என்ரை. மிச்சம் சங்கத்தின்ரை எண்டு நீங்கள்தான் முத்திரை குத்தித் தந்தனீங்கள். சங்கத்தின்ரை கையைச் சங்கமே பிடிச்சு வேலை செய்விக்கட்டும்.”

“எங்கடையும் முகம் மட்டும்தான் வந்திருக்கு,” என்றாள் நிவேதனா.

தலைவர் சுபாஜினியின் கையைப் பார்த்தார். அதைப் பிடித்து மெஷினில் வைக்கலாமா என்று அருட்செல்வனைப் பார்த்தார். அருட்செல்வன் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தார். தாங்கியில் நுரை பொங்கி விளிம்புக்கு வந்தது. வெளியே லொறிச் சாரதி ஹோன் அடித்தான். உபகுழு மண்டபத்திலேயே, வெறும் போத்தல் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து அவற்றின் மேல் கூடியது. அதன் வரலாற்றில் பெண்கள் முன்னிலையில் நடந்த முதற் கூட்டம் அதுதான்.

“இரண்டு கையும் பணியாளரிடம் திருப்பி ஒப்படைக்கப்படுது,” என்று தலைவர் அறிவித்துவிட்டு அருட்செல்வன் பக்கம் திரும்பினார். “எழுதும் ஐசே. இப்ப மெஷினைப் போடு பிள்ளை.”

“கை வந்திட்டுது. மெஷினடியிலை நிக்கக் கால் வேணுமே ஐயா.”

கால் கொடுக்கப்பட்டது. பெட்டி தூக்க முதுகு வேண்டும் என்றாள் தர்சினி. முதுகு கொடுக்கப்பட்டது. கழுத்தையும் தோளையும் கேட்காமலே சேர்த்துக் கொடுத்தார்கள். கஜீபன் தலைவரின் காதுக்குள் குனிந்து, இதற்கு மேல் கொடுத்தால் விற்பனைக்கு ஒன்றும் மிஞ்சாது என்று முணுமுணுத்தான். நுரை விளிம்பைத் தாண்டி நிலத்தில் வழிந்தது. புளித்த மணம் எல்லாருடைய மூக்கிலும் ஏறியது.

“சரி, சரி, மற்றதெல்லாம்தான்,” என்றார் தலைவர்.

“மற்றதெண்டால் எது ஐயா?”

“அதுதான்... சம்பந்தப்பட்ட பகுதி.”

“அப்பிடியொண்டு என்ரை உடம்பிலை இல்லை,” என்றாள் சுபாஜினி. “எதைச் சந்தியிலை தொங்க விட்டியளோ, அதின்ரை பேரைச் சொல்லித் தாங்கோ.”

தலைவர் உறுப்பினர்களைப் பார்த்தார். ஒருவர் செருப்பைப் பார்த்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார். கஜீபனுக்கு அவசரமாக ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பெண்கள் எல்லாரும் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆளை அத்தனை பேர் ஒன்றாக, அவனுடைய உடம்பை அளப்பது போலப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நெற்றி வியர்த்தது.

“இடுப்பு,” என்றார்.

“கேக்கேல்லை ஐயா,” என்றாள் பின்னாலிருந்து நிவேதனா.

“இடுப்பு! இடுப்பு! பிள்ளையின்ரை இடுப்பு பிள்ளைக்கே சொந்தம்! எழுதும் ஐசே, உந்தச் சொல்லை எழுதும்!”

அருட்செல்வன் எழுதினார். புத்தூருக்கும் தவறணைக்கும் ஆட்கள் ஏணியோடு அனுப்பப்பட்டார்கள். சந்தியிலிருந்து சிவதர்ஷன் தொலைபேசி எடுத்து, பதாகையைக் கழற்றிச் சுருட்டித் தன் கையில் தந்துவிட்டார்கள் என்று சொல்லும்வரை சுபாஜினி அசையவில்லை. அதன் பிறகுதான் எழுந்து மெஷினைப் போட்டாள். போத்தல்கள் நகரத் தொடங்கின. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அதைத் துடைக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

தலைவர் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தபடி அவளருகில் வந்து நின்றார். கோபித்துக்கொண்டு வந்தவர் போலத் தெரியவில்லை. உண்மையாகவே வழி தெரியாமல்தான் கேட்டார்.

“இனிப் போத்தலும் காட்டேலாது, பொம்பிளையும் காட்டேலாது எண்டால், நாங்கள் ஆரைப் பிள்ளை காட்டுறது?”

“குடிக்கிறவரைக் காட்டுங்கோ ஐயா,” என்றாள் சுபாஜினி, அடுத்த மூடியை இறுக்கியபடி. “முகத்தோடை.”